பெரிய திரையில் பழைய இறுவட்டு: படம் எங்கே மங்குகிறது?

பழைய பெட்டித் தொலைக்காட்சியைக் கொடுத்துவிட்டு 43 அங்குலத் தட்டைத் திரை வாங்கிய வீடுகளில் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்பக் கேட்கிறது. யூடியூப் கண்ணாடிபோல் தெரிகிறது. அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த கலியாண டி.வி.டி. இறுவட்டைப் போட்டால் மட்டும் முகங்கள் கலங்குகின்றன, சேலைக் கரையில் வானவில் ஓடுகிறது, மாப்பிள்ளையும் பெண்ணும் அகன்று குள்ளமாக நிற்கிறார்கள். இறுவட்டு பழுதாகிவிட்டது என்று சிலர் அதைத் தூக்கி எறிகிறார்கள். வேறு சிலர் புதிய டி.வி.டி. பிளேயர் ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு, அதே மங்கல் படத்தை மறுபடியும் பார்க்கிறார்கள்.

பெரும்பாலான வீடுகளில் இறுவட்டும் பழுதில்லை, பிளேயரும் பழுதில்லை. உன்னிச்சைக் குளத்தில் இல்லாத தண்ணீரை வாய்க்கால் வயலுக்குக் கொண்டுவராது. இருக்கிற தண்ணீரை ஒழுகவிடாமல் கொண்டுவந்து சேர்க்கலாம், அவ்வளவுதான். டி.வி.டி. படமும் அப்படியே. அதன் தரம் இறுவட்டில் எழுதிய நாளிலேயே முடிவாகிவிட்டது. அதன்பின் பிளேயர், வயர், திரை ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது இழக்கப்படுகிறது. இந்த இழப்புகளில் பெரும்பாலானவற்றைச் செலவில்லாமலே அடைக்கலாம்.

இறுவட்டுக்குள் இருப்பது எவ்வளவு?

டி.வி.டி. 1996இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. அன்றைய தொலைக்காட்சிக்கு ஏற்றபடியே அதன் அளவுகள் வகுக்கப்பட்டன. இலங்கையும் இந்தியாவும் பின்பற்றிய பி.ஏ.எல். என்ற தொலைக்காட்சி முறையில், ஒரு படம் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகளைக் கொண்டது. பெருக்கினால் 414,720. இன்றைய முழு எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள் உள்ளன. சரியாக ஐந்து மடங்கு. 4கே திரையென்றால் இருபது மடங்கு.

அப்படியானால் 4கே திரையில் இருபது புள்ளிகளுக்கு ஒன்றுதான் இறுவட்டிலிருந்து வருகிறது. மற்றப் பத்தொன்பதையும் அயலில் உள்ள புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இந்த நிரப்பும் வேலைக்குத்தான் அப்ஸ்கேலிங் என்று பெயர். அது படத்தை வழுவழுப்பாக்கும். கமெரா பதியாத கண்ணிமையை வரைந்து தராது. பழைய 21 அங்குலப் பெட்டியைவிட 43 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. அன்று சிறிதாய் இருந்ததால் கண்ணில் படாத குறை, இன்று சுவரளவு விரிந்து தெரிகிறது.

புள்ளிகளின் எண்ணிக்கையோடு இன்னோர் எல்லையும் உண்டு. ஒவ்வொரு செக்கனுக்கும் எவ்வளவு தரவு செலவிடப்பட்டிருக்கிறது என்பதே அது. டி.வி.டி.யில் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி எழுதப்படுகிறது. ஒற்றை அடுக்கு இறுவட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். அதில் இரண்டு மணி நேரம் எழுதினால் செக்கனுக்கு 5 மெகாபிட்டுக்குச் சற்று அதிகம் கிடைக்கும். படம் நன்றாக இருக்கும். நான்கு மணி நேரம் எழுதினால் 2.6. பொன்னுருக்கலில் தொடங்கி வரவேற்பு வரை ஆறு மணி நேரத்தை ஒரே இறுவட்டில் அடைத்தால் 1.7தான் மிஞ்சும். டி.வி.டி. முறை படத்துக்கு அனுமதிக்கும் உச்சம் 9.8.

தரவு போதாதபோது முதலில் பலியாவது அசைவும் இருட்டும். கோவில் வெளியில் இரவு முழுக்க ஆடிய வடமோடிக் கூத்தைப் பதிவுசெய்த இறுவட்டு ஒன்றை ஓடவிட்டு, அரசன் களரியைச் சுற்றி வேகமாக ஆடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சுழலும் அவனது கூத்துடையான கரப்புடுப்பு சிறு சிறு சதுரங்களாக உடைந்திருக்கும். பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கும் சனம் ஒன்றோடொன்று குழைந்து கறுப்புக் கட்டிகளாகியிருக்கும். ஆட்டம் நின்று, கூத்தை நடத்தும் அண்ணாவியார் பாடத் தொடங்கும் இடத்தில் மறுபடி நிறுத்துங்கள். இப்போது மத்தளத்தின் வார்கூடத் தெரியும். கமெரா ஒன்றே, இறுவட்டு ஒன்றே; அசைவு குறைந்ததும் அதே தரவு போதுமானதாகிவிட்டது.

ஐந்து திரைப்படங்களை ஒன்றாக அடைத்து விற்ற இறுவட்டுகளுக்கும் இதே கணக்கைப் போடலாம். பன்னிரண்டரை மணி நேரத்தை 4.7 கிகாபைட்டில் எழுதினால் செக்கனுக்கு 0.84 மெகாபிட். அதற்கு முந்திய வி.சி.டி.யில்கூடப் படத்துக்கு 1.15 மெகாபிட் இருந்தது. அத்தகைய இறுவட்டுக்கு எந்த வயராலும் எந்தத் திரையாலும் மருந்து கிடையாது. அதற்காக எதையும் வாங்காதீர்கள்.

மஞ்சள் வயர் செய்யும் கேடு

நல்ல இறுவட்டுக்கு நேரும் மிகப் பெரிய இழப்பு இங்கேதான். மேசைக்குப் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனைகள் கொண்ட வயர் தொங்குகிறது அல்லவா? வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. படம் முழுவதும் மஞ்சள் ஒன்றின் வழியே வருகிறது.

இறுவட்டில் படம் மூன்று தனித்தனிக் கூறுகளாக இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சமானது என்பது. மற்ற இரண்டும் நிறத்துக்குரியவை. மஞ்சள் வயரில் அனுப்புவதற்காகப் பிளேயர் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்கிறது. நிறம் 4.43 மெகாஹேர்ட்ஸ் அளவிலான ஓர் அலையில் ஏற்றப்பட்டு, வெளிச்சக் கூறு பயணிக்கும் அதே அலைவரிசைக்குள் செருகப்படுகிறது. மறுமுனையில் தொலைக்காட்சி இவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். முழுமையாகப் பிரிக்க அதனால் முடியாது.

விளைவைக் கண்ணால் காணலாம். மருதமுனைக் கைத்தறிச் சாரம் உடுத்த பெரியவர் ஒருவர் பந்தலடியில் நடந்து வருகிறார். சாரத்தின் நெருக்கமான வெள்ளை, கறுப்புக் கோடுகளில் நிறமே இல்லை. ஆனால் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் அவற்றின் அலை 4.43 மெகாஹேர்ட்ஸை அண்மிக்கிறது. தொலைக்காட்சி அதை நிறமென்று எடுத்துக்கொள்கிறது. அவர் நடக்க நடக்கச் சாரத்தின்மேல் ஊதாவும் பச்சையும் வானவில்லாக நெளிகின்றன. மறுபுறம், நிறத்தை வெளிச்சமென்று எடுத்துக்கொள்ளும் பிழையும் உண்டு. கூறைச் சேலையின் சிவப்பு விளிம்பை உற்றுப் பாருங்கள். எறும்புச் சாரைபோல் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். இந்த இரண்டும் இறுவட்டில் இல்லாதவை, வயருக்காகக் கலக்கும்போது பிறந்தவை.

பிளேயரையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் வழிகளை, மோசமானதிலிருந்து நல்லதை நோக்கி வரிசைப்படுத்தினால்:

1. அன்ரனா வயர். படமும் ஒலியும் சேர்ந்து அலைவரிசையாக மாற்றப்படும். வேறு வழியே இல்லாத பழைய பெட்டிக்கு மட்டும்.

2. மஞ்சள் வயர், அதாவது கொம்பொசிட். மேலே சொன்ன கேடுகள் அனைத்தும் இதில் உண்டு.

3. எஸ்-வீடியோ. வட்டமான, நான்கு ஊசிகள் கொண்ட முனை. வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் வருவதால் வானவில்லும் ஊரும் புள்ளிகளும் மறைந்துவிடும். புதிய தொலைக்காட்சிகளில் இந்தத் துளை இப்போது அரிது.

4. கொம்போனன்ட். பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கு மட்டும் மூன்று வயர்கள். இறுவட்டின் மூன்று கூறுகளும் கலக்காமல் வருகின்றன. விலை குறைந்த பிளேயர்களிலும் இந்தத் துளைகள் உண்டு. பல வீடுகளில் பத்து ஆண்டுகளாக யாரும் தொடாமல் கிடக்கின்றன.

5. எச்.டி.எம்.ஐ. இறுவட்டில் எண்களாக இருப்பது எண்களாகவே திரைக்குப் போகிறது. பிளேயரில் இந்தத் துளை இருந்தால் வேறொன்றையும் யோசிக்க வேண்டாம்.

மஞ்சளிலிருந்து நான்காவதுக்கோ ஐந்தாவதுக்கோ மாறுவதே இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லா மாற்றங்களிலும் பெரிய பலன் தருவது. எச்.டி.எம்.ஐ. வயரில் விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை. அது எண்களைச் சரியாகக் கொண்டு சேர்க்கும். பழுதென்றால் படம் வெட்டி வெட்டி வரும், அல்லது பொட்டுப் பொட்டாக மின்னும். மலிவான வயரில் படம் மங்கலாகவும், விலை கூடியதில் தெளிவாகவும் வருவதென்பது நடக்காது.

கொம்போனன்ட் இணைக்கும்போது இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். படத்துக்கான சிவப்புத் துளையும் ஒலிக்கான சிவப்புத் துளையும் அருகருகே இருக்கும். மாறிச் செருகினால் படம் பச்சை பூத்து வரும், ஒரு பக்கம் ஒலியும் போய்விடும். அடுத்தது, பல புதிய தொலைக்காட்சிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொதுவானது. மஞ்சள் வயரைப் பச்சைத் துளையில் செருகிவிட்டு, ரிமோட்டில் கொம்போனன்ட் என்று தெரிவுசெய்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். தொலைக்காட்சி பழுது என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகவேண்டாம், ரிமோட்டில் ஏ.வி. என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

வயரை மாற்றினால் மட்டும் போதாது. பிளேயரின் செற்அப் (setup) பட்டியலுக்குள் போய் வீடியோ அவுட்புட் என்ற இடத்தில் புதிய வழியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

பாதி பாதியாக வரும் படம்

பழைய தொலைக்காட்சி முழுப் படத்தையும் ஒரே தடவையில் வரைவதில்லை. முதலில் 1, 3, 5 என்று ஒற்றை வரிகளை வரையும். பின்பு 2, 4, 6 என்று இரட்டை வரிகள். செக்கனுக்கு 50 பாதிப் படங்கள். கமெராக்காரர் எடுத்த கலியாண வீடியோவும் இறுவட்டில் அப்படியே பாதி பாதியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. தட்டைத் திரைக்குப் பாதிப் படம் காட்டத் தெரியாது. இரண்டு பாதிகளையும் யாராவது ஒன்றாக இணைத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு டீஇன்டர்லேசிங் என்று பெயர்.

இரண்டு பாதிகளும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. இடையே ஐம்பதில் ஒரு செக்கன் கழிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் அசைந்த பொருளை அப்படியே பின்னினால் விளிம்பு சீப்புப் பல்போல் பிரிந்து நிற்கும். 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில் மணமக்களை நிற்கவைத்து எடுத்த காட்சி மட்டக்களப்பின் பல கலியாண வீடியோக்களில் இருக்கும். இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. கமெரா பக்கவாட்டில் நகரும்போது பாலத்தின் சாய்ந்த இரும்புச் சட்டங்களைக் கவனியுங்கள். அவை நேர்க்கோடாக நகர்ந்தால் இணைப்பு நன்றாக நடக்கிறது. படிக்கட்டுப்போல் ஏறி இறங்கினால், அல்லது விளிம்பு சீப்பாகப் பிரிந்தால், இணைப்பவர் சரியில்லை.

இணைப்பவர் பிளேயராகவும் இருக்கலாம், தொலைக்காட்சியாகவும் இருக்கலாம். எவரிடம் வேலையைக் கொடுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. பிளேயரில் புரோகிரசிவ் அல்லது 1080பி என்று வைத்தால் பிளேயர் செய்யும். இன்டர்லேஸ் அல்லது 576ஐ (576i) என்று வைத்தால் தொலைக்காட்சி செய்யும். மலிவான பிளேயரும் நல்ல தொலைக்காட்சியும் சேர்ந்திருக்கும் வீட்டில், தொலைக்காட்சியிடம் விடுவதே பெரும்பாலும் மேல். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, அதே பாலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மஞ்சள் வயரில் இருக்கும்போது புரோகிரசிவ் பொத்தானை அழுத்தினால் படம் மறைந்துபோகலாம். பயப்பட வேண்டாம், பல ரிமோட்டுகளில் பி-ஸ்கேன் அல்லது வி-மோட் என்ற பொத்தானை மறுபடி அழுத்த அது திரும்பி வரும்.

அகன்ற முகங்களும் வீணாகும் வரிகளும்

பழைய கலியாண வீடியோக்கள் 4:3 வடிவத்தில் எடுக்கப்பட்டவை. புதிய திரை 16:9. திரையை நிரப்புவதற்காகத் தொலைக்காட்சி படத்தை இழுக்கிறது, முகங்கள் அகலுகின்றன. ரிமோட்டில் 4:3 என்று வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டையைக் குறையாக எண்ணாதீர்கள். இறந்துபோன அப்பாவின் முகத்தை அவர் இருந்தபடியே பார்க்க வேண்டுமானால் பட்டை இருக்கத்தான் வேண்டும்.

திரைப்பட இறுவட்டுகளில் பிரச்சினை வேறு. அகன்ற படம் இறுவட்டில் பக்கவாட்டில் ஒடுக்கி எழுதப்பட்டிருக்கும். பார்க்கும்போது விரிக்க வேண்டும். பிளேயரின் ரி.வி. டைப் என்ற இடத்தில் 4:3 லெட்டர்பொக்ஸ் என்று கிடந்தால், பிளேயர் படத்தின் உயரத்தைக் குறைத்து மேலும் கீழும் கறுப்பைச் சேர்த்து அனுப்பிவிடும். சினிமாஸ்கோப் படமொன்றுக்கு 16:9 என்று வைத்தால் 436 வரிகள் கிடைக்கும். 4:3 லெட்டர்பொக்ஸ் என்றால் 327. ஒரேயோர் அமைப்பினால் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. புதிய திரை வைத்திருப்பவர்கள் இன்றே பார்க்க வேண்டிய இடம் இது.

திரையின் அமைப்புகள்

கடையில் வரிசையாக எரியும் தொலைக்காட்சிகளுக்கிடையே தன் பக்கம் கண்ணை இழுப்பதற்காக உள்ளதே டைனமிக் அல்லது விவிட் என்ற அமைப்பு. வீட்டுக்கு அது வேண்டாம். கீழுள்ள வரிசையில் செய்யுங்கள். இரவில், அறையில் வழக்கமாக எரியும் விளக்கோடு.

1. படமுறையை மூவி அல்லது சினிமா என்று மாற்றுங்கள். முதலில் மஞ்சள் படிந்ததுபோல் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகும். தோலின் நிறம் தோலின் நிறமாகத் தெரியத் தொடங்கும்.

2. பிரைட்னஸ் என்பது பெயருக்கு மாறாகக் கறுப்பை நிர்ணயிப்பது. கூத்து இறுவட்டின் இருட்டுக் காட்சியில் நிறுத்தி, கறுத்தத் தலைமுடி இருட்டோடு கரையாமலும் இருட்டு சாம்பலாகாமலும் இருக்கும் இடத்தில் விடுங்கள்.

3. கொன்ட்ராஸ்ட் வெள்ளையை நிர்ணயிப்பது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைப் பாருங்கள். மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிந்தால் குறையுங்கள்.

4. ஷார்ப்னஸைக் குறையுங்கள். இது தெளிவைக் கூட்டுவதில்லை. விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது, டி.வி.டி.யில் அந்தக் கோடு பெரிதாகத் தெரியும். கோடு மறையும் வரை இறக்குங்கள்.

5. அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை நிறுத்துங்கள். படத்தின் இரைச்சலைக் (நொய்ஸ்) குறைக்கும் அமைப்பு, சதுரம் சதுரமாக உடையும் இறுவட்டுக்கு மட்டும் சிறிது உதவும்.

எச்.டி.எம்.ஐ.யில் இணைத்த பிறகு கறுப்பு முழுவதும் சாம்பலாகவோ, இருட்டு முழுவதும் மையாகவோ மாறினால் பிரைட்னஸைத் தொடாதீர்கள். டி.வி.டி.யில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235 என்ற எண்ணிலும் எழுதப்படுகிறது. பிளேயரும் தொலைக்காட்சியும் இதை வெவ்வேறாக விளங்கிக்கொண்டிருக்கின்றன. பிளாக் லெவல் அல்லது ஆர்.ஜி.பி. ரேஞ்ச் என்ற அமைப்பை மாற்றினால் சரியாகும்.

பார்க்கும் தூரமும் ஓர் அமைப்புத்தான். 43 அங்குலத் திரையில் டி.வி.டி.யின் 576 வரிகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியாமல் இருக்க ஏறத்தாழ பத்து அடி வேண்டும். ஐந்தடியில் உட்கார்ந்துகொண்டு இறுவட்டைக் குறை சொல்லக்கூடாது.

கனடாவிலிருந்து வந்த இறுவட்டு

கனடாவில் செய்த இறுவட்டு என்.ரி.எஸ்.சி. முறையில் இருக்கும்: 480 வரிகள், செக்கனுக்கு ஏறத்தாழ 60 பாதிப் படங்கள். லண்டனிலும் சுவிஸிலும் எடுத்த வீடியோ பொதுவாக நமது முறையிலேயே வரும். பிளேயரின் ரி.வி. சிஸ்டம் என்ற இடத்தில் பி.ஏ.எல். என்று கட்டிவைத்திருந்தால், 60ஐ 50ஆக மாற்றும் முயற்சியில் அசைவு தத்தித் தத்தி வரும். ஆட்டோ அல்லது மல்ரி என்று வையுங்கள். இன்றைய தட்டைத் திரைகள் இரண்டு முறைகளையும் ஏற்கும்.

இறுவட்டைவிட நல்ல பிரதி இருக்கக்கூடும்

இவ்வளவும் செய்த பிறகும் படம் போதவில்லை என்றால், வீடியோ எடுத்த ஸ்டூடியோவிடம் கேளுங்கள். டி.வி.டி. என்பது உங்களுக்குத் தந்த பிரதி. மூலம் வேறாக இருக்கலாம். மினி டி.வி. நாடாவில் எடுத்திருந்தால் அதில் செக்கனுக்கு 25 மெகாபிட் அளவில் படம் பதிவாகியிருக்கும். முழு எச்.டி. கமெராவில் எடுத்துவிட்டு டி.வி.டி.க்காகச் சுருக்கிக் கொடுத்திருந்தால், மூலக் கோப்பில் ஐந்து மடங்கு புள்ளிகள் இருக்கும். வீடியோக்காரரின் பழைய ஹார்ட் டிஸ்க் அழிவதற்குள் அதைப் பெற்றுவிட வேண்டும்.

மூலம் இல்லையென்றால் கையில் உள்ள இறுவட்டையே காப்பாற்ற வேண்டும். வீட்டில் எழுதும் இறுவட்டில் தரவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெப்பமும் வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு மூன்றும் தாராளம். கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் கோப்புறையை முழுவதாகப் பிரதி எடுங்கள். எம்.பி.4 ஆக மாற்றித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுபடி சுருக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போய்விடும். அந்தக் கோப்புகளைப் பென் ட்ரைவில் ஏற்றி நேரே தொலைக்காட்சியில் செருகினால், பல தொலைக்காட்சிகள் அப்படியே ஓட்டும். அப்போது பிளேயரும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

2004 டிசம்பர் 26இல் அல்பங்களைக் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள் நாவலடியிலிருந்து மருதமுனை, காரைதீவு வரை கரையெங்கும் இருக்கின்றன. வெளிநாட்டில் ஓர் உறவினரிடம் இருந்த இறுவட்டு திரும்பி வந்ததால்தான் சிலருக்குத் தாயின் நடையையும் சிரிப்பையும் மறுபடி பார்க்கக் கிடைத்தது. ஆகவே பிரதிகள் இரண்டு எடுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றதைக் கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீடொன்றில், என்ன நாளில் என்ன எடுத்தது என்று மேலே எழுதி, கொடுத்து வையுங்கள்.